நிழல் என்று சொன்ன இடம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். உன்னையும் மருமகளையும் பாப்பாவையும் தினமும் பிரார்த்தனையில் வைத்துக்கொள்கிறேன். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அதனால்தான் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி அனுப்புகிறேன். மனைக்கு முன்பணம் அனுப்புவதற்குள் இதைப் படித்துவிடு.

உன் தெருவைப் பார்ப்பதற்காக வரைபடத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாய் அல்லவா? உன் வீட்டுக் கூரையை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் காலையில் அடுப்படிக்குள் போகிறேன். போன வாரம் நம் தெருவுக்கும் வந்து பார்த்தேன். மொட்டை மாடியில் நம் பழைய மெத்தை கறையோடு காய்கிறது. வானத்திலிருந்து இப்படித் தெரியும் என்று தெரிந்திருந்தால் உறையாவது போட்டிருப்பேன். கடவுள் இத்தனை நாளும் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதானே இருந்திருக்கிறார்!

ஓரத்தில் கடிகாரம் போல ஒன்று இருக்கிறது. அதைத் தொட்டால் வருடங்கள் பின்னால் போகின்றன. வீட்டுக் கணக்கு இடித்தால், இடிக்கிற இடம் வரும்வரை பின்பக்கமாகவே புரட்டிக்கொண்டு போவேனே, அதே புத்தி. விட மனமில்லை. பெட்ரோல் பங்க் போய் வயல் வந்தது. பஸ் நிலையம் பாதியாகச் சுருங்கியது. நாம் குடிவருவதற்கு முந்தைய படங்களில் நம் வீடே இல்லை, வெறும் மேடு.

உனக்குப் பார்த்திருக்கிற மனை இருக்கும் இடத்தில், அந்தப் பழைய படங்களில், கறுப்பாக ஒரு திட்டு. திரையில் அழுக்கு என்று முந்தானையால் துடைத்தேன். போகவில்லை. படத்தை நகர்த்தினேன், திட்டும் கூடவே நகர்ந்தது.

அன்றைக்கே புரோக்கர் பத்திர நகலோடு வந்தார். காட்டினேன். அது நிழல் என்று சொல்லிவிட்டார். எதனுடைய நிழல்? பக்கத்தில் மரமும் இல்லை, கட்டடமும் இல்லை. வருடங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன். ஒன்றில் குளம் மாதிரி தண்ணீர் ததும்ப நிற்கிறது. ஒன்றில் சுருங்கி, ஓரமெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. கடைசியில் லாரிகள் வரிசையாக நின்று இடிபாடு கொட்டியிருக்கின்றன. “மழைக்கு நிறைஞ்சு வெயிலுக்கு வத்துற நிழல் எந்த ஊர்ல இருக்குங்க?” என்று கேட்டேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

அப்பாவுக்கு என் மேல்தான் கோபம். சாயங்காலமானால் அந்த மனையில் போய் நின்று, இங்கே வாசல், இங்கே பாப்பாவுக்கு ஊஞ்சல் என்று செருப்புக் காலால் கோடு போட்டுக்கொண்டிருந்த மனுஷன். “அவன் திரும்பி வர்றதுக்கு இருக்கிற ஒரே சாக்கு இந்த இடம். அதையும் கெடுத்துடாதே” என்றார். எனக்கு மட்டும் அந்த ஆசை இல்லையா? நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

ஆனால் மனசு கேட்கவில்லை. நேற்று அந்த மனைக்கு அடுத்த வீட்டில் தண்ணீர் கேட்டுக் குடித்தேன். அந்த வீட்டம்மா பேச்சோடு பேச்சாக, அடுப்படித் தரை ஒரு பக்கம் இறங்கிவிட்டது, உருளைக்கிழங்கு கீழே விழுந்தால் அதுவாகவே மூலைக்குப் போய்விடுகிறது என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாப்பா அந்த மாதிரித் தரையில் நடக்க வேண்டாம்.

வந்து அப்பாவிடம் சொன்னேன். இன்று காலை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், வருடத்தை எப்படிப் பின்னால் தள்ளுவது என்று கேட்டார். இப்போது ஊரையே சல்லடை போட்டுச் சலித்துக்கொண்டிருக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டால் பொறு, இங்கே என்ன இருந்தது என்று பார்க்கிறேன் என்கிறார்.

முன்பணம் அனுப்பாதே. ஆனால் மனை வேண்டாம் என்று ஆனதால் வருவதையும் வேண்டாம் என்று ஆக்கிவிடாதே. மாடி அறையை ஒழித்து, ஜன்னலுக்குப் புதுக் கொக்கி போட்டு வைத்திருக்கிறேன். நம் வீடு நிற்கிற இடத்தை எல்லா வருடத்துப் படத்திலும் பார்த்துவிட்டேன் கண்ணா. ஒன்றில்கூடத் தண்ணீர் நின்றதில்லை.

உங்கள் மூவரையும் கடவுள் கூடவே இருந்து காக்கட்டும்.

உன் அம்மா