பார்க் சார் உன்னிடம் பேசிய மொழி

என் மாமாவுக்கு,

நீ இருக்கிற இடத்துக்குக் கடிதம் எழுதுகிறேன் என்று தெரிந்தால் என் தம்பி சேகர் என்னைத் திட்டுவான். திட்டட்டும். உன்னிடம் இதைச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் கொரியன் வகுப்பில் சேர்ந்துவிட்டேன்.

சிரிக்காதே. குன்றத்தூரில் டிராவல்ஸ் கடை மாடியில் அந்த போர்டை முதலில் பார்த்துவிட்டு வந்ததே நான்தான். ஜப்பான் மொழி, கொரியன், ஜெர்மன் என்று மூன்றும் எழுதியிருந்தது. கார் கம்பெனி லைனில் காலம் பூராவும் கதவு மாட்டிக்கொண்டே நிற்பாயா, ஜப்பான் மொழி படி, ஒரகடம் பக்கம் ஜப்பான் கம்பெனிக்காரர்கள் வரப்போவதாக ஊரே பேசுகிறது என்று உன்னை நச்சரித்தேன். நீ அசைந்தாயா?

"வரட்டும்மே, வந்தப்புறம் பாத்துக்கலாம். இருக்கிறத வுட்டுட்டு பறக்கிறத புடிக்க சொல்றியா? எங்க லைன்ல நிக்கறவரு கொரியாக்காரரு. அவராண்ட போயி ஜப்பான்ல பேசினா இன்னா நெனப்பாரு?"

கடைசிவரை நீ எந்த வகுப்புக்கும் போகவில்லை. உன் லைனைப் பார்த்துக்கொள்ள கொரியாவிலிருந்து வந்த எஞ்சினியர் பார்க் சார் பக்கத்தில் நின்றே காதால் கற்றுக்கொண்டாய். அவர் ஸ்குரூவைக் காட்டி ஒன்று சொல்வார், நீ தமிழில் ஒன்று சொல்வாய். அப்படியே உங்கள் பள்ளிக்கூடம் நடந்தது.

வீட்டுக்கு வந்தால் எனக்குப் பாடம். ராத்திரிச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, நான் அப்பாடா என்று நிமிரும்போது சமையல்கட்டு வாசலில் வந்து நிற்பாய். இடுப்பு வரை குனிந்து, "சுகோ ஹாஷ்யோஸும்னிதா" என்பாய். "இன்னாய்யா, கொரியால திட்றியா?" என்று கையில் இருக்கிற தண்ணீரை உன் மூஞ்சியில் தெளிப்பேன். அர்த்தம் கேட்டால் மட்டும் சொல்லமாட்டாய். "நீதான் ஜப்பான் கட்சியாச்சே, உனக்கு எதுக்கு?" என்று பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாய்.

அந்த வெள்ளிக்கிழமை முதல் ஷிஃப்ட் முடித்து சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாய். தண்டலத்தில் லாரி திரும்பியதையும் உன் பைக் அதன் கீழே போனதையும் யார் யாரோ வந்து சொன்னார்கள். அதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை, மாமா.

காரியம் முடிவதற்குள் ஒருநாள் பார்க் சார் பிள்ளைப்பாக்கத்தில் நம் வீட்டுக்கு வந்தார். கறுப்பு கோட்டு. அந்த வெயிலில் வேர்த்துக் கொட்டியது. உன் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றினார். பிறகு தரையில் மண்டி போட்டு நெற்றி படக் கும்பிட்டார். எழுந்தார். திரும்பவும் ஒருமுறை விழுந்தார். எஞ்சினியர் ஒருவர் லைன் ஆள் படத்துக்கு விழுவதைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஆம்பிளைகள் எல்லாம் எழுந்து நின்றார்கள்.

பிறகு அவர் பேச ஆரம்பித்தார். எங்களிடம் இல்லை, உன்னிடம். நீ எதிரில் நிற்கிற மாதிரி, நடுநடுவே நிறுத்தி, மூக்கை உறிஞ்சி, கொரியனில் ரொம்ப நேரம் பேசினார். வீடு நிறைய ஜனம். ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் மாலை போட்ட படத்தில் இருந்தான்.

கிளம்பும்போது அவர் செய்த காரியம் உனக்குத் தெரியவேண்டும். என் பக்கம் திரும்பி, கைகூப்பி, சுத்தமான நம் ஊர்த் தமிழில், "போய்ட்டு வரேன்" என்றார். சாவு வீட்டில் யாராவது சொல்லிக்கொண்டு கிளம்புவார்களா? உன் அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். "அய்யய்ய, இந்தாளுக்கு யாருப்பா இத கத்துக் குடுத்தது?" என்று சேகர் பதறி அவரைக் கைப்பிடித்து வெளியே கூட்டிப்போனான்.

யார் கற்றுக்கொடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? நீ போனதிலிருந்து அழாமல் கல்லாட்டம் உட்கார்ந்திருந்தவள் அப்போதுதான் வாய்விட்டு அழுதேன்.

பாப்பா ஒன்றாம் வகுப்புப் போகிறாள். நம் கொல்லைக்குப் பக்கத்து நிலத்தில் பிளாட் கல் நட்டுவிட்டார்கள். நான் கார் கம்பெனிக்கு ரப்பர் சாமான் செய்துகொடுக்கிற ஒரு சின்ன கம்பெனியில் செக்கிங்கில் நிற்கிறேன். மொழி தெரிந்தால் ஆபீஸில் உட்காரலாம் என்கிறார்கள். சேகர் ஜப்பான் வகுப்பில் என்னைச் சேர்க்கத் தயாராக வந்து நின்றான்.

"அக்கா, நான் சொல்றத கேளு. கொரியன் தெரிஞ்சவங்க நெறைய பேரு வந்துட்டாங்க. நாளைக்கு ஜப்பான்காரன் வந்தா அந்த பாஷைக்குத்தான் மவுசு. மாமா உயிரோட இருந்தப்ப நீயே இதத்தான சொல்லிக்கினு இருந்த?"

நியாயமான பேச்சு. பாப்பாவை நினைத்தால் அதுதான் சரி. நானும் தலையாட்டிவிட்டு அவனோடு மாடி ஏறினேன். எந்த மொழி என்று அங்கிருந்த டீச்சர் கேட்டதும் என் வாய் கொரியன் என்றது. சேகர் என்னை முறைத்தான். பிழைப்புக்கு ஒரு மொழி வேண்டியதுதான். ஆனால் உன்னிடம் அந்த மனுஷன் என்ன சொன்னார் என்று தெரியாமல் எந்த மொழியைப் படித்து நான் என்ன செய்ய? பார்க் சார் பொங்கலுக்குப் பிறகு ஊருக்கே திரும்பிப் போகிறாராம்.

போன வாரம் டீச்சர், வேலை செய்கிற இடத்தில் பேசுகிற பேச்சு என்று சிலதைச் சொல்லித் தந்தார். ஒன்றைப் பலகையில் எழுதி வாய்விட்டுப் படித்தார். சுகோ ஹாஷ்யோஸும்னிதா. நீ சமையல்கட்டு வாசலில் சொன்னது. பார்க் சார் பேச்சை முடிக்கும்போது உன் படத்தைப் பார்த்துச் சொன்னதும் அதேதான். அது உன் வாயில் கேட்டுக் கேட்டுப் பழகிய சத்தம். அன்றைக்கு என் காதில் விழுந்தும் மனதில் ஏறவில்லை.

"வேலை முடிஞ்சதும் கூட வேலை செஞ்சவங்ககிட்ட சொல்றது, வளர்மதி. ரொம்பப் பாடுபட்டீங்க, உங்க வேலை முடிஞ்சுதுன்னு மரியாதையா சொல்றது" என்றார் டீச்சர்.

நான் கக்கூஸுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். லைனில் ஒரு நாள் பூராவும் நின்றுவிட்டு வந்து, என் பாத்திரம் கழுவுகிற வேலைக்கா அத்தனை மரியாதை கொடுத்தாய்? ஒரு தரமாவது அர்த்தம் சொல்லியிருக்கக் கூடாதா, பாவி? நான் பதிலுக்குத் தண்ணீர்தானே தெளித்தேன்?

கடைசி வார்த்தை கிடைத்துவிட்டது. அதற்கு முன்னால் அவர் பேசியதெல்லாம் பாக்கி. பொங்கலுக்குள் அவரிடம் கேட்கிற அளவுக்காவது படிப்பேன். என்ன சொன்னார் என்று கேட்டு வந்து, வரி விடாமல் பாப்பாவுக்குத் தமிழில் சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. ஜப்பான்காரன் வரும்போது வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வகுப்புக்கு நேரமாகிறது. உன் படத்துக்கு முன்னால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பாடுபட்டது போதும் மாமா, உன் வேலை முடிந்தது. சுகோ ஹாஷ்யோஸும்னிதா. சொல்லக்கூடாது என்று தெரியும், ஆனாலும் பார்க் சாருக்கு நீ கற்றுக்கொடுத்ததையே உன்னிடம் சொல்லிவிட்டுக் கிளம்புகிறேன்.

போய்ட்டு வரேன்.

உன் வீட்டுக்காரி, பாப்பாவின் அம்மா,
வளர்மதி