'வாங்க' சொல்லாமல் போனவளுக்கு

சாப்பாட்டு மேசைமேல் ஒரு மூக்குக்கண்ணாடி டப்பா கிடக்கிறது. ஊதா நிறம். திறந்தால் புது ரெக்ஸின் வாசனை, உள்ளே துடைத்துக்கொள்ள ஒரு துண்டுத் துணி. நாலாம் வகுப்புப் படிக்கும் என் மகளுடையது. போன மாதம் அவள் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கண் சோதித்தார்கள். இவளுக்குத் தூரத்து எழுத்து தெரியவில்லை என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் கண்ணாடியும் வந்துவிட்டது. அதை மாட்டிக்கொண்டு என்னோடு புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு வந்தவள், உள்ளே திரும்பிய ஒரு பஸ்ஸைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மா, பஸ்ஸு நெத்தியில ஊர் பேரு எழுதியிருக்கு."

"இத்தன நாளும் எழுதாமயா இருந்துச்சு?"

"பக்கத்துல வந்தாத்தான் எழுத்து வரும்னு நெனச்சேன். நான் கலர வச்சுத்தாம்மா கண்டுபிடிப்பேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பிலேயே நின்றும் போனது. கலரை வைத்து பஸ்ஸைக் கண்டுபிடிக்கிற இன்னொருத்தியை எனக்குத் தெரியும். அது நீ.

வல்லத்திராக்கோட்டையிலிருந்து டவுன் பள்ளிக்கூடத்துக்கு நாம் ஒன்றாகப் போய்வந்த ஐந்து வருஷமும், "பச்ச வண்டி வந்தா ஏறு, செவப்பு வந்தா விட்ரு" என்பதுதான் உன் சட்டம். ஒரு நாள் சாயங்காலம் நான் கடலை மிட்டாயில் மூழ்கியிருந்தேன். நீ ஏறினாய், பின்னாலேயே நானும் ஏறினேன். அது வேறொரு பச்சை வண்டி. நம் ஊருக்கு நேர் எதிர்த் திசையில், குடுமியான்மலைக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டது. அங்கே நின்றுகொண்டு, "மல தெரியுதேன்னு அப்பவே நெனச்சேன், ஆனா நம்ம ஊர்ல மல கெடையாதே" என்று யோசித்தாய் பார், அந்த முகத்தை இப்போதும் கிண்டல் செய்யத் தோன்றுகிறது. மலை தெரிந்தது உனக்கு. பஸ்ஸின் போர்டு தெரியவில்லை. அன்றைக்கு அதை ஏனென்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அப்பாவிடம் வாங்கப்போகிற அடியைப் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

நமக்கும் வருஷத்துக்கொரு தடவை பள்ளிக்கூடத்தில் ஒரு சோதனை நடந்தது, ஞாபகமிருக்கிறதா? சுவரில் கோடு போட்டு உயரம் அளந்தார்கள். குட்டைப் பிள்ளைகளுக்கு முன் பெஞ்சு, நெட்டைப் பிள்ளைகளுக்குக் கடைசி பெஞ்சு. அத்தோடு சோதனை முடிந்தது. நீ பனைமரமாக வளர்ந்திருந்தாய். அதனால் ஐந்து வருஷமும் கரும்பலகைக்கு எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி உன்னை உட்கார வைத்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் நோட்டை வாங்கி, மூக்கு தாளில் உரச எழுதுவாய். "நோட்டுக்குள்ளயே படுத்துத் தூங்கப் போறியா?" என்று கேட்டால், "ஓன் கையெழுத்து அழகா இருக்கு புள்ள, அதான் பாத்து எழுதுறேன்" என்பாய். நான் பூரித்துப்போவேன். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற இந்த வயதிலும், யாராவது என் கையெழுத்தைப் பாராட்டினால் உன் குரல்தான் கேட்கிறது. அந்தப் பாராட்டில் பாதி பொய் என்று இப்போது தெரிகிறது. பரவாயில்லை, மீதிப் பாதியை வைத்துக்கொள்கிறேன்.

பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றாய். மக்கு என்றார்கள். நீயும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் படிப்பை நிறுத்திக்கொண்டாய்.

என் மகளிடம் இந்த ஒரு வாரமாக நான் கேட்காத கேள்வியில்லை. கண்ணாடி இல்லாமல் நிலா எப்படித் தெரியும்? வாசலில் யார் நிற்கிறார்கள் என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பாய்? மங்கலாகத் தெரிகிறது என்று ஏன் ஒருநாளும் சொல்லவில்லை? அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும்னு நெனச்சேம்மா." உனக்கும் அப்படித்தானா? தெளிவாகத் தெரியவில்லை என்பதே தெரியாமல் இருந்தாயா? நான் கேட்டதெல்லாம் உன்னிடம் கேட்க வேண்டிய கேள்விகள். அவள் பாவம், உனக்குப் பதிலாகப் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாள். அவள் திருப்பி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஏம்மா, ஒங்க ஸ்கூல்ல செக் பண்ண மாட்டாங்களா?" உயரம் அளப்பார்கள் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

அப்போதே கண்டுபிடித்திருந்தாலும் உன் வீட்டில் கண்ணாடி போட விட்டிருப்பார்களா என்பது சந்தேகம்தான். பொம்பளைப் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் மாப்பிள்ளை வீட்டார் யோசிப்பார்கள் என்று பேசிய காலம். என் மகளோ வகுப்பில் ஏழு பேர் போட்டிருக்கிறார்கள், யார் ஃபிரேம் அழகு என்று போட்டி நடக்கிறது என்கிறாள். எனக்கு அவள்மேல் கொஞ்சம் பொறாமைகூட வருகிறது. உன் சார்பில் வருகிற பொறாமை அது.

மக்கு என்ற பேரைவிட உன்னை அதிகம் வருத்தியது இன்னொரு பேர். நம் பக்கத்தில் சொந்தக்காரர் யார் எதிரே வந்தாலும் "வாங்க" என்று கேட்டுவிட வேண்டும். கேட்காவிட்டால் அவமதித்ததாகிவிடும், நல்லது கெட்டது எல்லாவற்றிலும் அது பேச்சாக வரும். நீ எதிரே வருகிறவர் முகத்தை நேராகப் பார்ப்பாய், பேசாமல் போய்விடுவாய். "எம்புட்டுத் திமிரு பாத்தியா, மூஞ்சியப் பாத்துட்டு வாங்கன்னு ஒரு வார்த்த கேக்கல" என்று ஊரே பேசியது. நான் ஊரோடு சண்டை போட்டேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்றேன். என் முறை வருகிறவரைக்கும்.

எனக்குக் கல்யாணமான புதிது. இதே பஸ் ஸ்டாண்டில் என் மாமியாரோடு நின்றேன். எதிர் வரிசையில் நம் ஊர் வண்டி பக்கத்தில் நீ. "அந்தா நிக்கிதே அத்தை, அதுதான் என் உசுருத் தோழி" என்று சொல்லிவிட்டுக் கையை ஆட்டினேன். நீ என் முகத்தை நேராகப் பார்த்தாய். அப்புறம் திரும்பி பஸ்ஸில் ஏறிவிட்டாய். மாமியார் நான் ஆட்டிய கையைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம், இருபதடி நடந்திருக்கலாம். என் ரோஷம் விடவில்லை. தெரிந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லி ஆற்றிக்கொண்டேன். நீ இரண்டு தடவை போன் செய்தாய், நான் எடுக்கவில்லை. குளத்தூர்ப் பக்கம் உனக்குக் கல்யாணமானதும், ஒரு பெண் பிள்ளை பிறந்ததும் காதில் விழுந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மஞ்சள்காமாலையில் நீ போய்விட்டாய் என்று மூன்றாம் நாள் கேள்விப்பட்டேன். அப்போதும் துக்கம் கேட்க வரவில்லை. எந்த முகத்தோடு வருவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

கண்ணாடி டப்பா வீட்டுக்கு வந்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை. அன்றைக்கு நீ பார்த்தாயா, பார்க்கவில்லையா? அது மட்டும் தெரிந்தாக வேண்டும். உன் வீட்டுக்காரர் நம்பரைத் தேடிப் பிடித்து வழி கேட்டுக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டேன்.

உங்கள் தெருமுனையில் எந்த வீடு என்று தெரியாமல் நின்றேன். இரண்டு வீடு தள்ளி, தண்ணீர்க் குழாயடியில் குடத்தோடு ஒரு பெண் பிள்ளை. உன் உயரம், உன் நெற்றி. மூக்கில் கண்ணாடி. அதை ஒரு விரலால் மேலே தள்ளிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"வாங்க சித்தி" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி.

நீ எனக்கு நாலு மாதம் மூத்தவள். "அக்கான்னு கூப்புடு" என்று பள்ளிக்கூட நாளெல்லாம் நச்சரிப்பாய், நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. உன் பிள்ளைக்கு நான் எப்படிச் சித்தியானேன் என்று விளங்காமல் நின்றேன்.

"என்னய எப்படித்தா தெரிஞ்சுச்சு?"

"தாடையில மச்சம் தெரியுதுல்ல. ஒங்க கல்யாணப் போட்டோ அம்மாட்ட இருக்கு."

உன் வீட்டுக்காரர் வாசலில் நாற்காலி போட்டார். நல்ல மனிதர். சுற்றி வளைக்காமல் பேசினார். "வந்த புதுசுல எங்க சனம் பூரா அதத் திமிரு புடிச்சதுன்னுதான் சொன்னாங்க. எனக்கும் அந்த நெனப்புத்தான். புள்ளைக்கு மூணாவதுல ஸ்கூல்ல கண்ணாடி குடுத்தாங்க. அத அவ அம்மா வாங்கி மாட்டிப் பாத்துச்சு. அன்னைக்குப் பூரா திருப்பித் தரலங்க. வாசல்ல ஒக்காந்து போறவுக வர்றவுகள எல்லாம் பாத்துக்கிட்டே இருந்துச்சு. ஒனக்கும் ஒண்ணு எடுப்போம்னேன். இனிமே எதுக்குன்னுருச்சு."

அதற்குப் பிறகு வெளியே எங்கே போனாலும் மகளைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போவாயாம். எதிரே ஆள் வரும்போதே அவள் மெதுவாகச் சொல்வாளாம், "பெரியப்பா வாராங்கம்மா, பக்கத்துல அத்தை." நீ உடனே "வாங்க" என்பாயாம். கடைசி இரண்டு வருஷத்தில் உன் திமிர் போய்விட்டது என்று ஊர் சொன்னதாம். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொள்வதற்கு உனக்கு என்ன கேடு?

உன் மகள் போட்டோவைக் கொண்டுவந்து காட்டினாள். ஓரமெல்லாம் தேய்ந்திருந்தது.

"அம்மா இத மூக்குல ஒட்டிக்கிட்டுத்தான் பாக்கும். இதுதான் ஒன் சித்தி, என்னைக்காவது வருவா, நீதான் மொதல்ல பாக்கணும்னு சொல்லும். எனக்குக் கண்ணு தெரியாது, அவ கோவக்காரி, நான் வாங்கன்னு கேக்கலேன்னா திரும்பிப் போயிருவான்னு சொல்லும்."

நான் தேடிப் போன பதில் அதுதான். நீ பார்க்கவில்லை. ஆனால் பின்னால் எப்போதோ விஷயம் உன் காதுக்கு வந்து, என்ன நடந்திருக்கும் என்று நீயே கூட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறாய். நான் வருவேன் என்று ஏற்பாடும் செய்து வைத்திருக்கிறாய்.

அன்றிலிருந்து தெரிந்தவர் யாராவது என்னைப் பார்த்தும் பேசாமல் போனால், பின்னாலேயே போய், "நாந்தான்" என்று பேரைச் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். அன்றைக்குக் கிளம்பும்போது உன் வீட்டுச் சுவரில் மாலை போட்டு உன் படம் இருந்தது. வாசலிலிருந்தே கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் திரும்பினேன். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தேன். உனக்குத் தெரிகிற அளவுக்குக் கிட்டத்தில் போய் நின்று சொன்னேன்.

"நாந்தாங்க்கா. வந்திருக்கேன்."