பலகையில் விட்ட தவறு

அன்புள்ள அண்ணா,

போனில் சொல்லாமல் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் குரலைக் கேட்டால் வேறு எதையாவது பேசிவிட்டு வைத்துவிடுவேன்.

எங்கள் கணிதப் பேராசிரியைக்குச் சிறந்த ஆசிரியர் விருது கிடைத்திருக்கிறது. பழைய மாணவி என்ற முறையில் பரிந்துரைக் கடிதம் எழுதியது நான்தான். பலகையில் யார் தப்பாகப் போட்டாலும் அவர் அழிக்கவிடமாட்டார். "இருக்கட்டும், எந்த வரியில வழி மாறினோம்னு பாப்போம்" என்பார். அதை எழுதிக்கொண்டிருந்தபோது என் தவறை மட்டும் அழிக்க மனம் வரவில்லை. முதல் ஆண்டுக் கணிதத்தில் தேறவில்லை, அதை வீட்டில் மறைத்தேன், அவர் சொல்லிக்கொடுத்துத்தான் மறுதேர்வில் தேறினேன் என்று எழுதிவிட்டேன். நான் தேறிவிட்டேன் என்று நம்பி நீ பஸ் டிப்போ முழுக்க மிட்டாய் கொடுத்தாயே, அந்த ஆண்டுதான்.

அந்தக் கடிதத்தை மேடையில் படிக்கப்போகிறார்களாம். பேராசிரியையிடம் ஓடினேன்.

"வேணாம்னா நிறுத்திடலாம்மா. ஆனா உங்க அண்ணன் கிட்ட நீயே சொல்லிடேன்" என்றார்.

இதோ, இங்கே சொல்லிவிட்டேன். இதுவரை எழுதிவிட்டுப் போய், ஐந்து வருடம் கழித்து இன்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்டேன், இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கி.

இன்னும் ஒன்று இருக்கிறது. கல்லூரி வாசலில் பஸ்ஸை நிறுத்தி நீ கூப்பிட்டபோது, தோழிகளிடம் "தெரிஞ்சவர்" என்றேன். அது உன் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு நீ அந்தப் பக்கமே வரவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை கல்லூரியில் விருது விழா. டிரைவர் சட்டையிலேயே வா, அண்ணா. எல்லோரிடமும் நீ யாரென்று சொல்ல வேண்டும்.

உன் தங்கை