சோற்றை நிறுத்தியவன் ஓட்டிய பஸ்

4.8.2025, திங்கள்

காலை: பாதாம் நூறு. மதியம்: முட்டை நான்கு, நெய்யில் வதக்கிய கீரை. இரவு: கோழி அரைக் கிலோ, தோலோடு.

தின்பதையெல்லாம் எழுதி வைக்கச் சொன்னவன் ராஜதுரை. என் பஸ்ஸில் கண்டக்டர். சோற்றை விட்டுக் கறியும் கொழுப்பும் தின்னும் இந்தப் பேலியோவில் பதினோரு கிலோ இளைத்தவன். டிக்கெட் கொடுக்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் கொழுப்பைப் பற்றியே பேசுகிறான்.

எனக்கு எடை பிரச்சினை இல்லை. வெறும் வயிற்றில் சர்க்கரை 248. தீபாவளிக்குள் இறங்காவிட்டால் ஊசிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊசி போடுகிறவனை மலை ரூட்டில் விடமாட்டார்கள். பத்தொன்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவன் டெப்போவில் நாற்காலி தேய்க்க வேண்டும். அதற்கு நூறு பாதாம் தின்னலாம்.

சோற்றை நிறுத்தியதை டாக்டரிடம் சொல்லவில்லை. திட்டுவார். மாத்திரையை மட்டும் விடாதே என்றார், விடவில்லை.

7.8.2025, வியாழன்

தலைவலி. "உப்பு போட்டு எலுமிச்ச குடிங்கண்ணே, செரியாப்பூடும்" என்கிறான் ராஜதுரை. குடித்தேன். சரியாகவில்லை.

10.8.2025, ஞாயிறு

என் மனைவி செல்வி சொல்லிவிட்டாள். "ரெண்டு ஒல வெக்க என்னால ஆவாது. நீங்க துன்றதத்தான் நாங்களும் துன்னுவோம்."

பெண் எழில்மதி பிளஸ் டூ படிக்கிறாள். "அப்பாவுக்கு சுகருன்னா எனக்கு இன்னாத்துக்கும்மா பனீரு?" என்றாள். நியாயமான கேள்வி.

ரிஷிவந்தியத்திலிருந்து மாமனார் அனுப்பிய பொன்னி அரிசி மூட்டை வாய் அவிழ்க்காமல் நிற்கிறது. அதன் மேல் செல்வி பழைய பேப்பர் அடுக்குகிறாள்.

19.8.2025, செவ்வாய்

எழில் தினமும் எதிர் வீட்டுக்கு டவுட் கேட்கப் போகிறாள். வரும்போது கையில் சாம்பார் வாசனை. நான் கேட்கவில்லை.

31.8.2025, ஞாயிறு

காலையில் மீட்டரில் 131. நம்பாமல் இன்னொரு விரலில் குத்தினேன். 128. சந்தோஷமாக இருந்தது. செல்வி ஜாக்கெட்டுகளைப் பிடித்துத் தைக்கக் கொடுத்திருக்கிறாள். அவளுக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான், காட்டிக்கொள்ள மாட்டாள்.

மாமனார் போன் செய்தார். "அரிசி வோணாம்னா என்னையே வோணாங்கறீங்களா மாப்ள?" அரை மணி நேரம் சமாதானம் சொன்னேன்.

17.9.2025, புதன்

புரட்டாசி பிறந்துவிட்டது. இனி முட்டை கிடையாது, கறி கிடையாது. சனிக்கிழமை படையல் முடியும்வரை பல்லில் பச்சைத் தண்ணீர் படக்கூடாது. எங்கள் வீட்டு வழக்கம். மாத்திரைக்காக எனக்கு மட்டும் ஒரு டம்ளர் மோர் சலுகை. படையலிலோ சர்க்கரைப் பொங்கல், வடை, சுண்டல். எனக்கானது துளசித் தீர்த்தம் மட்டும்.

20.9.2025, சனி

வார ஓய்வு. கற்பூரம் காட்டும்போது கை நடுங்கியது. முதுகெல்லாம் வேர்வை. "சாமி வருதா இன்னாங்க?" என்றாள் செல்வி பயபக்தியாக. வரட்டுமே என்று நின்றேன். பனீரும் தேங்காயும் தின்றபின் போய்விட்டது.

26.9.2025, வெள்ளி

98. பள்ளிக்கூடத்தில்கூட நான் இப்படி மார்க் வாங்கியதில்லை.

27.9.2025, சனி

காலை: மாத்திரை ஒன்று, மோர். எட்டரைக்கு: வெள்ளச்சியின் வெல்லம்.

மற்றதை இன்று எழுத முடியாது.

28.9.2025, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

நேற்று ஏழு பத்து டிரிப். இரண்டாம் சனிக்கிழமை, அதனால் வெறும் வயிறு. கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போதே கண் கூசியது. முதல் வளைவில் ஹாரன் அடித்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது மூன்றாவது வளைவுக்கு முன்னால் உள்ள புளியமரம். பிரேக்கை மிதித்து நிறுத்தியிருக்கிறேன். சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவிலே இரண்டாவது வளைவு என்று ஒன்று உண்டே — அதை எப்படித் திருப்பினேன்? தெரியவில்லை. இன்னமும் தெரியவில்லை.

ராஜதுரை வந்து "இன்னாண்ணே? இன்னாண்ணே?" என்று உலுக்கினான். எனக்கு வாய் குழறியது. முன் சீட்டில் வெள்ளச்சி. கரியாலூர்க்காரி, என் வண்டியில் அடிக்கடி வரும் கிழவி. சந்தையில் வாங்கிய வெல்லத்தை உடைத்து என் வாயில் திணித்தாள். "முழுங்கு தம்பி. எங்கூட்டுக்காரரும் மாத்திரையப் போட்டுக்கினு துன்னாமக் கெடந்தா இப்பிடித்தான் வேர்த்துப்பூடுவாரு."

கால் மணி நேரத்தில் தெளிந்தது. இன்ஜின் சூடு என்று ஜனங்களிடம் சொன்னான் ராஜதுரை. நாற்பத்து மூன்று பேர். எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

29.9.2025, திங்கள்

லீவு போட்டுவிட்டு டாக்டரிடம் போனேன். எதிர்பார்த்த திட்டு, இரண்டு மாதம் தாமதமாக. "சோத்த வுட்டத ஏன் சொல்லல? அந்த மாத்திர நீங்க மூணு வேள சோறு துன்னப்போ குடுத்தது. கம்மி பண்ணிருக்கணும். விரதம் வேற!" மாத்திரையைக் குறைத்தார். பையில் எப்போதும் இனிப்பு வைத்திருக்கச் சொன்னார். ஊசி வேண்டாம் என்றும் சொன்னார்.

கேட்டது கிடைத்துவிட்டது. வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

30.9.2025, செவ்வாய்

டெப்போவில் சொல்லிவிடலாம் என்றேன். ராஜதுரை: "யாருக்குந் தெரியாதுண்ணே. மாத்திரதான் கொறச்சாச்சே, வுடுங்க."

செல்வியும் அதையேதான் சொன்னாள். பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல் கேட்டாள். "நெஜமாவே ஒண்ணுமே ஞாபகம் இல்லியா?"

இல்லை. ஒண்ணுமே இல்ல செல்வி. அதான் பயமா இருக்குது.

3.10.2025, வெள்ளி

நடந்ததை இரண்டு பக்கம் எழுதி மேனேஜரிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். "எழுதாமயே இருந்திருக்கலாமேய்யா" என்றார். மூன்று மாதத்துக்கு வண்டியைத் தொடக்கூடாது. பிறகு மெடிக்கல் பார்த்துவிட்டுச் சொல்வார்களாம்.

4.10.2025, சனி

மூன்றாம் சனிக்கிழமை. எழுந்ததும் செல்வி பனீர் வறுத்துத் தட்டை எதிரில் வைத்தாள். "துன்னுங்க. பெருமாள்கிட்ட நான் பேசிக்கிறேன்."

20.10.2025, திங்கள், தீபாவளி

மாமனார் வந்தார். வந்ததும் மூட்டை வாயைத் தானே அவிழ்த்தார். செல்வி இரண்டு உலை வைத்தாள். எழில் மூன்று தரம் சோறு போட்டுக்கொண்டாள், இந்தத் தடவை எங்கள் கண் முன்னால். நான் கறி தின்றேன். அழுகை வந்தது, காரம் என்று சொல்லிக்கொண்டேன்.

12.11.2025, புதன்

காலை: முட்டை மூன்று. மாத்திரை பாதி. வெறும் வயிற்றில் 104.

பஸ் ஸ்டாண்டில் நேரம் எழுதும் வேலை. ஏழு பத்து வண்டியை இப்போது வெங்கடேசன் எடுக்கிறான். பயல் மலைக்குப் புதிது. ஜன்னல் ஓரத்திலிருந்து வெள்ளச்சி என்னைப் பார்த்துக் கை காட்டினாள். சட்டைப் பையைத் தட்டிக் காட்டினேன். வெல்லம் இருக்கிறது.

புறப்படும் முன் வெங்கடேசன் இறங்கி வந்து வளைவுகளைப் பற்றிக் கேட்டான். முதல் வளைவில் நீள ஹாரன் அடி, மேலேயிருந்து வருகிறவனுக்கு உன்னைத் தெரியாது என்றேன். மூன்றாவதில் புளியமரம் தெரிந்ததுமே கியரைக் குறை என்றேன்.

"ரெண்டாவதுலண்ணே?"

மெதுவாகப் போ என்றேன்.