நான் மாற்றிச் சொன்ன பதில்

சார்,

உங்கள் கடைசிப் புத்தகம் இன்று காலை சின்னமனூருக்குத் தபாலில் வந்தது. உங்கள் மகள் ஒரு கடிதத்தோடு அனுப்பியிருக்கிறார். முன்னுரையை வாசலில் நின்றபடியே படித்தேன். பாதியில் காய்கறிப் பையோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இறந்தவர்களுக்குக் கொடுத்த வாக்கு யாரையும் கட்டுப்படுத்தாது என்று ஸ்காட்லாந்தில் முப்பது வருடம் தத்துவப் பாடம் நடத்தியவர் நீங்கள். பெயர் வாங்கியதும் அதற்காகத்தான். சாதாரண ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்க மேகமலைக்கு வந்தீர்கள். இங்கிலீஷ் டீச்சரான நான் மொழிபெயர்க்க வந்தேன். ஜீப் குலுக்கிய குலுக்கலில் உங்கள் மூக்குக்கண்ணாடி இரண்டு முறை கழன்று விழுந்தது. "என் தத்துவமும் இப்படித்தான், மேடு ஏறினால் நிற்காது" என்று சிரித்தீர்கள்.

தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் ஓர் அம்மாவைப் பார்த்தோம். மலையை விட்டு இறங்கமாட்டேன் என்று சாகக் கிடந்த புருஷனிடம் சத்தியம் செய்தவர். அந்தச் சத்தியம் இன்னும் அவரைக் கட்டுப்படுத்துகிறதா என்று கேட்டீர்கள். அவர் சொன்ன பதிலைக் கேட்டு எனக்குக் கூச்சமாகிவிட்டது. புருஷன் போய் ஒரு வருடம் ஆகவில்லை, இப்படியா பேசுவது? வெளிநாட்டுக்காரர் முன்னால் நம் ஊர்ப் பெண்ணை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றும்வரை இறந்தவர் காத்துக்கொண்டே இருப்பார் என்று நானாக ஒன்றைச் சோடித்துச் சொன்னேன். நீங்கள் என்னை இன்னொரு முறை சொல்லச் சொல்லி அப்படியே எழுதிக்கொண்டீர்கள். எனக்கு அதில் பெருமை வேறு.

அப்போதுதான் நீங்கள் மனைவியை இழந்திருந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. அவர் பிறந்த தீவிலேயே கடைசிவரை இருப்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்தீர்களாம். அந்த அம்மாவின் பதிலால்தான் வேலையை உதறிவிட்டு அங்கே குடிபோனதாக முன்னுரையில் எழுதியிருக்கிறீர்கள். மகள் எத்தனையோ முறை கூப்பிட்டும் நீங்கள் அவர் வீட்டுக்குப் போகவில்லை. மாரடைப்பு வந்தபோது பக்கத்தில் ஆளில்லை, புயலில் படகும் வரவில்லை. இதையெல்லாம் கடிதத்தில் எழுதிவிட்டு, அப்பாவுக்கு நிம்மதி தந்த வார்த்தை உங்கள் மூலமாகத்தான் வந்தது என்று எனக்கு நன்றியும் சொல்கிறார் உங்கள் மகள். அது அந்த அம்மாவின் வார்த்தை இல்லை என்று அவருக்கு எப்படி எழுதுவேன்?

அந்த அம்மா உண்மையில் சொன்னது ஓர் எழுத்துப் பிசகாமல் என்னிடம் இருக்கிறது:

"அவுக போய்ச் சேந்துட்டாக. கேட்ட சத்தியமும் அவுகளோடயே போச்சு. நான் உசுரோட இருக்கேன்ல, டீச்சர். வர்ற மாசம் மக வீட்டுக்கு எறங்குறேன். இவுககிட்ட அப்படியே சொல்லுங்க."