ஏழாவது தூணுக்கு அந்தப் பக்கம்

மார்ச் 3

ஆறு மறுபடியும் அக்கரைப் பக்கமாக ஒதுங்கிவிட்டது. கோடை வந்தாலே இப்படித்தான். எங்கள் கரையில் வெறும் மணல். எதிர்க்கரையை ஒட்டி ஓர் ஓடை. குடிநீர் நிலையத்தின் குழாயை அதுவரை நீட்டி உறிஞ்சுகிறோம், ஊர் முழுக்கக் குடிப்பது அதைத்தான். மாதிரி எடுக்க மணலில் நடந்து பாலத்தின் ஏழாவது தூண் வரை போனேன். ஒரே நுரை. மூத்திர வாடை. பாட்டிலை மூடிய பிறகும் கையை விட்டுப் போகவில்லை. எல்லாம் மேலே அக்கரை மாநிலத்தில் இருக்கும் உர ஆலையின் கைங்கர்யம்.

நைட்ரேட் 62. எங்கள் மாநிலத்தில் வரம்பு 40. அவர்களுக்கு 80. ஒரே தண்ணீர் இந்தக் கரையில் குடிக்கத் தகாதது, அந்தக் கரையில் தகுதியானது.

பத்து வருடம் முன்பு மத்திய அரசு வாயே திறக்காதபோது எங்கள் மாநிலம் தானாகவே 40 என்று சட்டம் போட்டது. அப்போது எனக்கு இருந்த பெருமை கொஞ்சமா? அவரவர் மண்ணுக்கு ஏற்ற சட்டத்தை அவரவரே போட்டுக்கொள்ளலாம், கூட்டாட்சியின் நன்மையே இதுதான் என்று பார்த்தவர்களிடமெல்லாம் அளந்தேன். அந்தச் சட்டம் ஆற்றின் நடுவிலேயே நின்றுவிடும் என்று அப்போது தோன்றவில்லை.

மார்ச் 4

அறிக்கையை நிலையத்துப் பொறியாளரிடம் கொடுத்தேன். எண்ணைப் பார்க்கவே இல்லை. மாதிரி எடுத்த இடத்தைத்தான் பார்த்தார்.

“ஆறாவது தூண் வரைக்கும்தாம்மா நம்மது. ஏழு அவங்களோடது. அடுத்த மாநிலத்துத் தண்ணிய எடுத்து நம்ம சட்டத்துல அளந்தா கோர்ட்டுல சிரிப்பாங்க.”

குழாய் மட்டும் ஏழாவது தூணில் கிடக்கிறதே என்றேன். அது வேறு ஒப்பந்தம், உறிஞ்சத்தான் அனுமதி, அளக்க அனுமதி இல்லையாம். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

மார்ச் 6

விதிப்படி ஆறாவது தூணுக்குப் போனேன். மணல். “நீர் இல்லை” என்று எழுதிக் கொடுத்தேன். நீர் இல்லாததால் விதிமீறலும் இல்லை. பொறியாளருக்கு மனது நிறைந்துவிட்டது.

மார்ச் 9

மாடியில் தங்கை வீட்டில் சாப்பாடு, அவள் கைக்குழந்தை என் மடியில். மாப்பிள்ளைக்கு ஏக குஷி. அவர் மாநில அரசின் சட்டப் பிரிவில் கடிதங்கள் வரைகிறவர். எங்கள் ஆற்றைச் சோதிக்கத் தன் குழுவை அனுப்பட்டுமா என்று மத்திய அரசு கேட்டிருந்ததாம். குடிநீர் மாநிலத்தின் உரிமை, அதில் மூக்கை நுழைக்க வேண்டாம் என்று பதில் எழுதியது இவர்தான். மேலதிகாரி முதுகில் தட்டிக் கொடுத்தாராம். சாப்பிட்டுக்கொண்டே வாசித்துக் காட்டினார். நல்ல நடை, குறை சொல்ல முடியாது.

நான் என்ன செய்தேன்? சபாஷ் என்றேன். முன்பு வெள்ளத்தின்போது அந்தக் குழு வந்து மூன்று மாதம் விடுதியில் தங்கி, தண்ணீரெல்லாம் வடிந்த பிறகு அறிக்கை அனுப்பியது நினைவுக்கு வந்தது. வராமல் இருப்பதே மேல் என்று மண்டையை ஆட்டிவிட்டு வந்தேன். பையில் 62 கிடந்தது. நல்ல நாளைக் கெடுப்பானேன் என்று அதைப்பற்றிப் பேசவில்லை.

மார்ச் 12

மத்தியச் சுகாதாரத் துறையின் கோடைகால அறிவிப்பு வந்திருக்கிறது. நாடு முழுமைக்கும் ஒரே தாள்: “இருபது நிமிடம் கொதிக்கவைத்த நீரையே பருகவும்.” கிருமிக்குச் சரி. நைட்ரேட் கொதித்தால் போகாது. தண்ணீர்தான் ஆவியாகும், மிச்சத்தில் நைட்ரேட் இன்னும் அடர்த்தியாகும். பெரியவர்கள் எப்படியோ தாங்கிக்கொள்வார்கள். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு அது ரத்தத்தில் பிராணவாயு சேரவிடாமல் உடம்பை நீலமாக்கி, மூச்சையே நிறுத்தும்.

ஊருக்கென்று கீழே ஒரு வரி சேர்க்கலாமா என்று பொறியாளரைக் கேட்டேன். சுகாதார அறிவிப்பு மத்திய அரசின் வேலை, ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது, வேண்டுமானால் எழுதிக் கேட்கலாம், இரண்டு மாதம் ஆகும் என்றார். தண்ணீர் மாநிலத்துக்கு. ஆறு மத்திய அரசுக்கு. குழாய் நகராட்சிக்கு. குழந்தை யாருக்கு என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. எழுதிக் கேட்டேன்.

மார்ச் 15

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் மாடிக்குப் போனேன். அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. பக்கத்துச் சுவரில் அந்த அறிவிப்பு, பசை போட்டு ஒட்டியிருக்கிறாள். மேடையில் பால்பவுடர் டப்பா. தாய்ப்பால் என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தாள்? காய்ச்சல் வந்த பிறகு பால் வற்றிவிட்டதாம், பத்து நாளாகப் புட்டிதானாம். “நீ திட்டுவேன்னுதான்க்கா சொல்லல. ஆனா நல்லா கொதிக்க வெச்சுத்தான் குடுக்கறேன். இருபது நிமிஷம், கடிகாரம் பாத்து.”

தொட்டிலில் குழந்தையைப் பார்த்தேன். உதடு நாவல்பழம் தின்றது மாதிரி. நகமும். நாலு மாசம்தான் ஆகுது அதுக்கு. அழக்கூட இல்லை, சும்மா பார்த்துக்கிட்டே கிடந்தது.

எங்கள் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேரம். பாலம் தாண்டினால் அக்கரையில் பத்து நிமிடம். மாப்பிள்ளை நம்ம காப்பீட்டு அட்டை அங்கே செல்லாதே என்று ஆரம்பித்தார். நான் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

அங்கே அட்டையைக் கேட்கவே இல்லை. யார் வந்தாலும் இலவசம் என்பது அவர்கள் மாநிலச் சட்டம். டாக்டரம்மா உதட்டைப் பார்த்ததுமே நீல நிற மருந்து ஒன்றை ஊசியில் ஏற்றினார். இவ்வளவு சட்டென்று எப்படி என்று கேட்டேன்.

“எங்க பக்கம் எண்பது வரைக்கும் விடறாங்க இல்லையா, அதனால மருந்து எப்பவும் கையிருப்புல இருக்கும். மாசத்துக்கு நாலஞ்சு குழந்தை வருது.”

சாதாரணமாகத்தான் சொன்னார்.

மார்ச் 17

குழந்தை பிழைத்துவிட்டது. உதடு சிவந்திருக்கிறது. நன்றாக வீறிட்டு அழுகிறது.

மாப்பிள்ளை ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்தபடி, “அவங்க வந்து அளந்திருந்தா தெரிஞ்சிருக்கும். நான்தானேக்கா வேண்டாம்னு எழுதினேன்” என்றார். எனக்கு எந்தக் குழுவும் வந்து அளக்க வேண்டியிருக்கவில்லையே. எனக்குத்தான் தெரியுமே.

மார்ச் 19

கையாலேயே எழுதினேன், முப்பது தாள்: “கைக்குழந்தைக்குக் குழாய்த் தண்ணீரில் பால் கலக்காதீர்கள். கொதிக்கவைத்தால் இன்னும் கேடு.” துறையின் பெயரைப் போடவில்லை, என் பெயரைத்தான் போட்டேன். தெருத்தெருவாக ஒட்டினேன்.

மார்ச் 20

முப்பதையும் கிழித்துவிட்டார்கள். இந்த ஒரு வேலையில்தான் மத்திய அரசு, மாநில அரசு, நகராட்சி மூன்றும் ஒன்று சேர்ந்து பார்க்கிறேன். விளக்கம் கேட்டு எனக்கு மெமோ.

ஏப்ரல் 2

மாநில அரசு வரம்பை 80 ஆக்கிவிட்டது. அண்டை மாநிலத்தோடு இணக்கமாகப் போவதற்காம். உர ஆலையின் அடுத்த கிளை எங்கள் கரையில் வரப்போகிறது என்று பொறியாளர் வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். தானே சட்டம் போடும் உரிமை இருந்ததால்தான் 40 வந்தது. அதே உரிமைதான் இன்றைக்கு எண்பதாகி நிற்கிறது. யாரிடம் போய்ச் சொல்லி அழ?

ஆணையை வரைந்தது மாப்பிள்ளை. வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் என்னிடம் சொன்னார். மறுத்திருந்தால் வேலை போயிருக்கும் என்றார். அவர் முன்னால் காறித் துப்பியிருப்பேன், என் பையில் பதில் எழுதாத மெமோ இல்லாமல் இருந்திருந்தால்.

ஏப்ரல் 4

மன்னிப்புக் கடிதம் கொடுத்தேன். மெமோவை எடுத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 7

வரம்பு ஒன்றானதும் ஏழாவது தூணில் அளக்கவும் அனுமதி வந்துவிட்டது. 64. தகுதியானது. சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 11

தங்கையும் மாப்பிள்ளையும் பால் கலக்கக் கேன் தண்ணீர் வாங்குகிறார்கள். தெருவில் எல்லோராலும் முடியுமா?

சாயங்காலம் நாலாவது வீட்டுத் தையல்காரி வந்தாள். பிள்ளை பெற்று பதினைந்து நாள், தலையில் துண்டு கட்டியிருந்தாள். வார்டு அலுவலகத்தில் தொங்கும் சான்றிதழைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

“முன்னாடி நீங்கதான் வேணாம்னு ஒட்டினீங்க. இப்ப நல்லா இருக்குன்னு உங்க கையெழுத்தே போட்டிருக்கு. அப்ப குழந்தைக்குக் கலக்கலாம்லக்கா?”

வேண்டாம் என்றேன். பால்பவுடர் வாங்கவே திணறுகிறாள், கேன் தண்ணீருக்கு எங்கே போவாள்? எங்கள் வீட்டுக் கேனை எடுத்துக் கொடுத்தேன். வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் இந்த ஒரு மாதமாகப் பொறியாளரைப் பார்த்த அதே அருவருப்பு அவள் கண்ணில்.

“இந்தத் தெருவுல இன்னும் மூணு பச்சப்புள்ளைங்க இருக்குக்கா. அவங்களும் உங்க கையெழுத்தப் பாத்திருப்பாங்க” என்றாள்.

இன்னும் செருப்பைக் கழற்றவில்லை. மூன்றில் ஒரு வீட்டில் விளக்கு எரிகிறது. முதலில் அங்கே போகிறேன்.