அக்காவின் கைக்கு நான் தள்ளிய வசனம்

என் ஆசை லில்லியக்கா,

'கிறிஸ்துவுக்குள் அன்பான' என்று எழுதத்தான் கை போனது. நம் அப்பா எழுதுகிற கடிதமெல்லாம் அப்படித்தான் தொடங்கும். ஆனால் நான் சொல்லப்போகிற விஷயத்துக்கு முன்னால் அந்தப் பெயரைப் போட மனசு வரவில்லை. அந்தப் பெயரை வைத்து நான் செய்தது போதும்.

நீ போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது. இங்கே பெரிதாக ஒன்றும் மாறவில்லை. மலையிலிருந்து பனி இறங்கி, காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது விரல் மரத்துப்போகிறது. கண்ணமங்கலத்தில் அதே ஜெராக்ஸ் கடை, அதே கம்ப்யூட்டர், அதே நாற்காலி, அதே நான். மலைமேல் உன் அங்கன்வாடிக்கு வேறு டீச்சர் வந்துவிட்டாள். முதல் இரண்டு மாதம் பிள்ளைகள் அவளிடம் போகமாட்டேன் என்று அழுதார்களாம். இப்போது போகிறார்களாம். குழந்தைகளுக்கு அந்த வசதி இருக்கிறது.

போன வாரம் பாஸ்டர் போன் செய்தார். "ரூபி, வாக்குத்தத்த அட்டை ரெடி பண்ணணும்மா" என்றார். வருஷா வருஷம் கேட்பதுதான். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

இதைப் பத்திரிகையில் படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதால் சொல்கிறேன், நீ கொஞ்சம் பொறுத்துக்கொள். எங்கள் சபையில் புது வருஷத்து காலை ஆராதனை முடிகிறபோது, வேத வசனம் அச்சடித்த சின்னச் சின்ன அட்டைகளை ஒரு தட்டில் கவிழ்த்து வைத்து வரிசை வரிசையாகக் கொண்டுபோவார்கள். ஒவ்வொருவரும் கண்ணை மூடி ஜெபித்து ஒன்றை எடுக்க வேண்டும். கையில் வருகிற வசனம்தான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்கென்று சொல்கிற வார்த்தை. வீடு கட்டலாமா, பெண்ணுக்கு இந்த வரனை முடிக்கலாமா என்பதையெல்லாம் அந்த அட்டையைப் பார்த்து முடிவு செய்கிறவர்கள் எங்களில் உண்டு. நீ அவர்களில் முதல் ஆள்.

அந்த அட்டைகளை டைப் அடித்து, ரோஜாப்பூ படம் போட்டு, லேமினேஷன் செய்து வெட்டுகிறவள் நான். பெண்கள் பக்கம் தட்டை ஏந்திக்கொண்டு போகிறவளும் நான்தான். எத்தனை வருஷமாகச் செய்கிறேன் என்று உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாத ஒரு காரியம் அதில் இருக்கிறது.

உன் மார்பில் இருந்த கட்டியை வேலூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, ஆபரேஷனுக்கு ஜனவரி இரண்டாவது வாரம் வரச் சொல்லியிருந்தார்கள். சீக்கிரம் கண்டுபிடித்தது நல்லது, பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். நீ பயந்தாய். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் என் கடைக்கு வந்து, ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் எல்லாம் போகிற வரைக்கும் ஓரமாக உட்கார்ந்திருந்தாய்.

"பயமா கீதுடி ரூபி. கத்தி வெச்சிட்டா திரும்பி எழுந்துப்பனா இன்னான்னு தெரியல. ஆண்டவர் ஒரே ஒரு வார்த்த சொன்னா போதும். தைரியமா போய் படுத்துப்பேன்."

ஒரே ஒரு வார்த்தை. அதைத்தானே கேட்டாய்? அன்றைக்கு நான் அட்டைகளை வெட்டிக்கொண்டிருந்தேன். வியாதியை உன்னைவிட்டு விலக்கிவிடுவேன் என்று வருகிற வசனத்து அட்டை என் கையிலேயே இருந்தது. ஆண்டவர் சொல்வதற்குக் காத்திருக்க வேண்டாமே, நாமே சொல்லிவிடலாமே என்று தோன்றியது.

புது வருஷத்தன்று நீ கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தாய். மற்ற அட்டைகளைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஓரத்தில் அடையாளம் வைத்திருந்த அந்த ஒன்றை மட்டும் உன் விரலுக்கு நேராகத் தள்ளினேன். நீ எடுத்தாய். நான் அடுத்த வரிசைக்குப் போய்விட்டேன். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான், பெரிய உபகாரம் செய்துவிட்டதுபோல.

ஆராதனை முடிந்து வெளியே டீயும் பன்னும் கொடுத்தார்கள். இரண்டு மாதமாகச் சரியாகச் சாப்பிடாத நீ, உன் பன்னையும் தின்று என் பன்னிலும் பாதியைப் பிய்த்துக்கொண்டாய். தைரியம் வந்துவிட்டது, இனிமேல் ஆபரேஷனுக்குப் போய்ப் படுத்துக்கொள்வாய் என்று நினைத்தேன். நீ என் காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னாய்.

"ஆப்ரேஷன் வேணாம்டி. அவரே வெலக்குறேன்னு சொல்ட்டாரு. அதுக்கு மேல நான் போய் படுத்தா, அவர நம்பலன்னு ஆய்டும்."

அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம் அக்கா. தட்டை நீட்டியவள் நான்தான், வசனத்தைத் தேர்ந்தெடுத்தவளும் நான்தான் என்று ஒரு வாக்கியம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் உன் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு சிரிப்பை அணைக்க மனசு வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். மறுநாள் ஆஸ்பத்திரிக்கும் ஒரு எட்டு போய்விட்டு வந்தால் என்ன என்று மெதுவாகக் கேட்டதற்கு, நீகூடவா இப்படிப் பேசுகிறாய் என்றாய். அதோடு வாயை மூடிக்கொண்டேன். முதல் கோணல் முற்றும் கோணல்.

நீயும் லேசான ஆள் இல்லை. உன் பெண் ஷீபா காலேஜுக்கு லீவு போட்டு, ஆஸ்பத்திரிக்கென்று துண்டு, நைட்டி, பிளாஸ்க் எல்லாம் பையில் எடுத்து வைத்திருந்தாள். நீ ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அலமாரியில் வைத்தாய். அவள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். கடைசியில், "நான் பெருசா, அந்த அட்ட பெருசாம்மா?" என்றாள். "ஆண்டவர் பெருசு" என்றாய் நீ. அவள் சாப்பிடாமல் ஹாஸ்டலுக்குப் பஸ் ஏறிவிட்டாள். நான் அடுக்களை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் நீ எழுந்து நின்று, ஆண்டவர் உன்னோடு பேசிய விதத்தைச் சொன்னாய். சபையே அல்லேலூயா சொல்லிக் கைதட்டியது. வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்களே, நானும் தட்டினேன். அதற்குப் பிறகு உண்மையைச் சொல்வதென்றால் உன்னைச் சபை முன்னால் அவமானப்படுத்துவதாகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவமானம் யாருக்கு வந்திருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் நீ நாற்பது நாளும் ஒருவேளைச் சாப்பாட்டோடு உபவாசம் இருந்தாய். கை தூக்கித் தலை வார முடியவில்லை. ஈஸ்டர் முடிந்து வேலூருக்குக் கூட்டிப்போனபோது, நோய் பரவிவிட்டது என்றார்கள். அந்த டாக்டர் திட்டவில்லை. ஏன் இத்தனை மாதம் வரவில்லை என்று மட்டும் கேட்டார்.

"வேல இருந்திச்சி டாக்டர். புள்ளைங்கள பாத்துக்க ஆளு இல்ல" என்றாய்.

ஆண்டவரைக் காட்டிக்கொடுக்காமல் அங்கன்வாடிமேல் பழியைப் போட்டாய். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்? பாவம் உன் பக்கத்து நாற்காலியில், உன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அடுத்த சில மாதத்தில், சபையின் அறுப்பின் பண்டிகைக்கு முன்பே நீ போய்விட்டாய். அடக்க ஆராதனையில் பாஸ்டர் அதே வசனத்தை வாசித்து, ஆண்டவர் வாக்குத் தவறவில்லை, சகோதரியின் வியாதியை நிரந்தரமாகவே விலக்கிவிட்டார் என்றார். எப்படி இருக்கிறது பார், பிரசங்கம்! எனக்குப் பின்னால் நின்ற ஒரு அம்மா, "கடசில ஆஸ்பத்திரிக்கு போனாங்க இல்ல, அதான். விசுவாசம் பத்தல" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். திரும்பி ஓர் அறை விட்டிருப்பேன். எந்தக் கையால் அறைவது என்றுதான் தெரியவில்லை.

எனக்கு ஆண்டவர் மேலும் கோபம்தான். மறைக்க மாட்டேன். அவர் பெயரில் ஒருத்தி தட்டை நீட்டும்போது, அந்தத் தட்டை ஒரு விரல் அளவு நகர்த்த அவருக்கு முடியாதா? உன் கையில் வேறொரு அட்டை வந்திருந்தால் ஆகாதா? கடலைப் பிளந்தவராம். கேட்டால் மனுஷனுக்குச் சுயசித்தம் கொடுத்திருக்கிறார் என்பார்கள். கொடுத்தார், சரி. என் சுயசித்தத்துக்கு நீ ஏன் செத்தாய்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வசனத்துக்கு முன்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது, அது சொல்லப்பட்ட ஜனம் வேறு, சமயம் வேறு. அட்டையில் இடம் பத்தாது என்று முன்பாதியை எடுத்துவிடுவேன். எல்லா வசனத்துக்கும் அதே கதைதான். சிலுவையைச் சுமந்துகொண்டு வா என்று சொன்னதை அட்டையில் போட யாரும் கேட்டதில்லை. உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்து ஆண்டவரை நேருக்கு நேர் கேள்வி கேட்டவனும் வேதத்தில்தான் இருக்கிறான். அவனை ரோஜாப்பூவுக்குப் பக்கத்தில் போட்டால் யார் எடுப்பார்கள்? நல்லதாக வெட்டி வெட்டி ஊருக்குக் கொடுத்தேன். நீ முழு வேதமும் அதுதான் என்று நம்பினாய்.

மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்பாய். உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் போட்டோவுக்குக் கீழே அந்த அட்டையை ஒட்டி வைத்திருக்கிறார். தினமும் குடும்ப ஜெபத்தில் அதை வாசிக்கிறார். குடும்ப ஜெபம் என்றால் அவர் ஒருத்தர்தான். ஷீபா செங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். நீ போனதிலிருந்து அவள் கோயில் வாசலை மிதிக்கவில்லை. உன் கல்லறைக்கும் வந்ததில்லை. ஆண்டவரோடு கோபித்துக்கொண்டிருக்கிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

எனக்குக் கல்யாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை. நீ போன பிறகு அவள்தான் எனக்கு எல்லாம். லீவுக்கு வந்தால் முதலில் என் கடைக்குத்தான் வருவாள். போன சனிக்கிழமை மத்தியானமும் சர்டிபிகேட் ஜெராக்ஸ் எடுக்க வந்தாள். கம்ப்யூட்டரில் போன வருஷத்து வசனங்கள் திறந்திருந்தன. நின்றபடியே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"சாமி மேல எனக்கு கோவமே இல்ல சித்தி. அம்மா மேலதான். பெத்த பொண்ணு அவ்ளோ கெஞ்சினேன், கேக்கல. இந்த அட்ட சொன்னத கேட்டாங்க. செத்துட்டாங்கன்னு கூட எனக்கு கோவம் போகல."

ஆண்டவர் மேல் கோபம் என்றால் அவர் தாங்குவார், அது அவர் பாடு. மூன்று வருஷமாக அந்த நினைப்பில்தான் சும்மா இருந்தேன். ஆனால் கோபம் உன்மேலாம். கல்லறையில் கிடக்கிற உன்மேல். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

சொல்லிவிட்டேன் அக்கா. கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தது வரைக்கும் சொன்னேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். வெளியே ஆரணி பஸ் ஒன்று வந்து நின்று கிளம்பிப் போனது.

"அப்ப அம்மா என்னை வேணாம்னு சொல்லல, நீங்கதான் அவங்கள ஏமாத்திட்டீங்க" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "மூணு வருசமா அம்மா கிட்ட பேசாம இருந்தேன். இனிமே உங்க கிட்ட" என்றாள்.

எப்போதும் "வர்றேன் சித்தி" என்று சொல்லிவிட்டுப் போகிறவள், "வர்றேங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். கடைக்கு வருகிறவர்கள் சொல்வதுபோல.

நேற்று மாமா போன் செய்தார். ஷீபா கல்லறைத் தோட்டத்துக்குப் போனாளாம். பூண்டெல்லாம் பிடுங்கிப்போட்டுவிட்டு, பொழுது சாய்கிற வரைக்கும் உன்னோடு உட்கார்ந்திருந்தாளாம். "பாத்தியா ரூபி, ஆண்டவர் என் ஜெபத்த கேட்டுட்டாரு" என்று அழுதார். மறுபடியும் நான் செய்த ஒன்றுக்கு அவர் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறார். அவள் அப்பாவிடம் எதையும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவள் நான் என்று விட்டிருக்கிறாள்.

வரும் ஞாயிறு சாட்சி நேரத்தில் நான் எழுந்து நிற்பேன் அக்கா. இது அச்சாகி வருவதற்குள் அந்த ஞாயிறு போயிருக்கும். உன்னோடு அன்றைக்குப் பேசியது ஆண்டவர் இல்லை, நான்தான் என்று மாமா காதுபட, கைதட்டிய எல்லார் காதுபடச் சொல்வேன். அதற்குப் பிறகு மாமா என்னை வீட்டுக்குள் விடுவாரா, சபையில் எனக்கு இடம் இருக்குமா, தெரியாது. உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ உடனே கொடுத்துவிடுவாய், உன் குணம் எனக்குத் தெரியும். அவ்வளவு சுலபமாகக் கிடைப்பது எனக்கு வேண்டாம். உன் மகள் உன்னிடம் திரும்பி வந்துவிட்டாள், அவளை நன்றாகப் பார்த்துக்கொள்.

இனி யாருக்கும் சித்தியாக இல்லாத,
உன் தங்கச்சி
ரூபி